பேர் பெற்ற மோட்டாரும் பேர் பெற்ற கிட்டாரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இப்போது நல்ல நிலையில் ஒரு யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டுமென்றால் இருபதாயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) எடுத்து வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்க வேண்டும். டாங்கி அசல், பக்கத்து மூடி அசல், ஸ்டிக்கர்கூட அசல் என்றால் விலை இன்னும் மேலே போகும். 2011-ல் விற்பனை நின்றுபோன, 133 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் வண்டி அது. அதே யமஹா பேரில் பசிஃபிகா 112 என்று ஒரு கிட்டார் இருக்கிறது. எங்கள் கோஷ்டியில் நான் பல வருடமாக வாசிப்பது அதைத்தான். கோயில் திருவிழா, கல்யாண விருந்து, தமிழ்ப்பள்ளி நிதி திரட்டும் இரவு என்று எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் சுருதி நிற்கும், ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) ஓரம் கையைக் கீறாது, ஒயர் விட்டுப்போகாது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன தீபாவளிச் சமயம் ஒரு தம்பி மேடைக்குப் பின்னால் வந்து என் கிட்டாரின் தலையைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணே, கிப்சன் வாங்கலையா?" என்று கேட்டான். கிப்சன் என்றால் பேர் பெற்ற அமெரிக்கக் கிட்டார் கம்பெனி. நல்ல பையன், நன்றாகவும் வாசிக்கிறான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

யமஹா என்ற பேரே இசையில் பிறந்த பேர்தான். 1887-ல் தொராகுசு யமஹா ஜப்பானில் ஒரு ரீட் ஆர்கனைச் செய்ததில் தொடங்கிய தொழில் அது. மோட்டார் பிரிவு 1955-ல்தான் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, ஒய்ஏ-1 என்ற 125 சிசி வண்டியோடு வெளியே வந்தது. மோட்டார் டாங்கியில் யமஹா சின்னமாக எதற்கு மூன்று இசைக்கவை (சுருதி பார்க்கத் தட்டும் கவை) என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் விஷயம். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு பொருள்கள், இரண்டுமே ஒழுங்காகச் செய்யப்பட்டவை, ஆனால் ஒன்றுக்கு இந்த மவுசு, இன்னொன்றுக்கு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் மவுசு தரத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பது தெளிவு.

இது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். நான் சொல்ல நினைப்பது அதற்கு அடுத்தது. ஒரு பொருளுக்குப் பேர் வந்துவிட்டால், அந்தப் பேரே அதைத் திருத்த விடாது. குறை எங்கே என்று செய்கிறவனுக்குத் தெரியும், சரிசெய்யும் வழியும் தெரியும், ஆனால் கை வைத்தால் "இது அது இல்லை" என்று ரசிகன் தள்ளிவிடுவான். அதனால் குறையும் பேரோடு சேர்ந்தே கடைக்கு வருகிறது, காசு கொடுக்கிறவன் குறைக்கும் சேர்த்தே கொடுக்கிறான். கிட்டாரில் இதற்குக் கிப்சனின் லெஸ் பால் என்ற எலக்ட்ரிக் கிட்டாரைவிட நல்ல சாட்சி கிடையாது, மோட்டாரில் ஹார்லி-டேவிட்சன்.

லெஸ் பால் 1952-ல் வந்தது. இன்று பல லட்சம் டாலருக்குப் போகிற சன்பர்ஸ்ட் நிறத்து லெஸ் பால்கள் 1958-லிருந்து 1960 வரைக்கும் மட்டுமே செய்யப்பட்டவை. ஏன் அவ்வளவு குறைந்த காலம்? விற்கவில்லை. அதுதான் காரணம். 1961-ல் கிப்சன் அந்த உருவத்தையே நிறுத்திவிட்டு, இப்போது எஸ்ஜி என்கிறோமே, அந்த மெல்லிய கொம்பு வைத்த உடம்புக்கு மாறிவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்றால், செகண்ட் ஹேண்ட் கடையில் கிடந்த பழைய லெஸ் பால்களை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில இளைஞர்கள் எடுத்து, வால்வு ஆம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் திருப்பி வாசித்தார்கள். கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன், மைக் புளூம்ஃபீல்ட். அந்தச் சத்தம் உலகத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, 1968-ல் கிப்சன் லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, கடையில் புதிதாக இருந்தபோது வேண்டாம் என்று விட்ட பொருளுக்கு, அதை வாசித்த விரல்கள் பேர் வாங்கிக் கொடுத்தன. அந்தக் கிட்டார்களில் நல்ல மரமும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அருமையான பிக்கப்பும் இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1961-ல் யாரும் அதை உலகின் மிகச்சிறந்த கிட்டார் என்று சொல்லி அழவில்லை.

சரி, அதன் குறை என்ன? ஈப்போவில் கிட்டார் பழுது பார்க்கும் ஒருவரின் மேசையில் ஒரு லெஸ் பாலைக் குப்புறப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், பின்பக்கம், மயிரிழைபோல ஒரு கோடு குறுக்கே ஓடியது. நகத்தால் தடவினால் தட்டுப்படாது, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். உடைந்து பசை போட்டு ஒட்டிய இடம். லெஸ் பாலின் தலை கழுத்திலிருந்து 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், கழுத்தும் தலையும் ஒரே மகோகனித் துண்டில் வெட்டப்பட்டவை. மரத்தின் ரேகை கழுத்து நீளத்துக்கு நேராக ஓடும். தலை சாயும் இடத்தில் ரேகை மரத்தைக் குறுக்கே கடந்து வெளியே வந்துவிடும். அதாவது மரம் பிளப்பதற்கு வசதியான இடமே அதுதான். தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்புறம் பால்மர (ரப்பர் மர) விறகு வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் கோடரி இறங்கும். இதோடு நிற்கவில்லை. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருக நட்டு வேண்டுமே, அதற்கான குழியையும் அதே மெல்லிய இடத்தில்தான் தோண்டியிருக்கிறார்கள். கிட்டார் ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் போதும்.

இது கிப்சனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 1960-களின் நடுவில் சாய்மானத்தை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். 1969-ல் கம்பெனி கை மாறி, பிறகு நார்லின் என்ற பேரில் நடந்த காலத்தில், அந்த இடத்தில் கொஞ்சம் மரத்தைத் தடிப்பாக விட்டார்கள், கழுத்தை மூன்று துண்டு மரத்தை ஒட்டிச் செய்தார்கள், பிறகு மகோகனியை விட்டு இன்னும் கடினமான மேப்பிளுக்கும் போனார்கள். பொறியியலாகப் பார்த்தால் எல்லாமே சரியான திருத்தங்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அந்தத் தடிப்பைப் பார்த்தாலே மலிவு என்றார்கள், ஐம்பதுகளின் கிட்டார் போல இல்லை என்றார்கள். கடைசியில் தடிப்பு போய், 17 டிகிரி திரும்பி வந்தது. இன்றைக்கு நீங்கள் வாங்கும் விலை உயர்ந்த லெஸ் பாலில் இருப்பதும் அந்த உடைகிற கழுத்துதான்.

இன்னொன்று, சுருதி. லெஸ் பாலின் தலையில் பக்கத்துக்கு மூன்று முறுக்காணி. நடுவில் உள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் நேராகப் போகாமல் வெளிப்பக்கமாக வளைந்து போக வேண்டும். நட்டு என்றால் கழுத்து முடியும் இடத்தில் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு. அதன் பள்ளத்தில் கம்பி மாட்டிக்கொள்ளும். முறுக்காணியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு தாவி சுருதியைத் தாண்டிப் போய்விடும். நம் பாட்டுகளில் கமகம் போலக் கம்பியை இழுத்து வாசிக்கிற இடம் நிறைய உண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஜி கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இதற்குப் பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்ப்பது உலகம் முழுவதும் உள்ள வைத்தியம், நானும் மற்றவர்களின் லெஸ் பாலுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், கொஞ்ச நேரத்துக்குக் கேட்கும். 2015-ல் கிப்சன் துணிந்து மாற்றிப் பார்த்தது. தானாகச் சுருதி சேர்க்கும் மோட்டார் வைத்த முறுக்காணி, உயரம் மாற்றக்கூடிய பித்தளை நட்டு, அகலமான கழுத்து, கூடவே விலையும் ஏற்றம். கடைகளில் தேங்கிப்போனது. அடுத்த வருடமே பழைய வடிவத்தைத் தனி வரிசையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2018-ல் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதற்குக் கிட்டார் காரணம் என்று சொல்ல முடியாது, மற்ற வியாபாரங்களில் வாங்கிய கடன்தான் முக்கியமானது. ஆனால் 2015-ல் வாங்கிய அடி, இனி யாரும் லெஸ் பாலில் கை வைக்க யோசிக்கும் அளவுக்குப் பாடமாகிவிட்டது.

இப்போது மோட்டாருக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவிலிருந்து கோலா கங்சார் பக்கம் பழைய சாலையில் போகிற பெரிய மோட்டார் கூட்டங்கள் எங்கள் ஊரில் நின்று தோசையும், தே தாரே என்கிற ஆற்றிய டீயும் சாப்பிட்டுப் போவதுண்டு. ஹார்லி வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்பது அழகான விஷயம். இரண்டு சிலிண்டர், நடுவில் 45 டிகிரி கோணம், பிஸ்டன்களைப் பிடித்த இரண்டு கனெக்டிங் ராடும் சுழலும் கிராங்க் தண்டில் ஒரே முளையில் மாட்டியிருக்கும். அதனால் வெடிப்புகள் சம இடைவெளியில் வராது. ஒன்றுக்குப் பின் 315 டிகிரியில் அடுத்தது, அதற்குப் பின் 405 டிகிரி காத்திருந்து அடுத்தது. அந்த நொண்டித் தாளம்தான் ஹார்லி. இந்தச் சத்தத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994-ல் கம்பெனி விண்ணப்பித்து, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2000-ல் விட்டுவிட்டது.

காதுக்கு இனிப்பான அதே அமைப்புதான் இன்ஜினை அதிர வைக்கிறது. அதிர்வைக் குறைக்கக் கோணத்தை மாற்றலாம், கிராங்கை மாற்றலாம், ஆனால் மாற்றினால் சத்தம் போய்விடும். அதனால் இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு, சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ரப்பர் வைத்தார்கள். ஸ்போர்ட்ஸ்டர் என்ற ஹார்லி மாடலுக்கு அந்த ரப்பரே 2004 மாடலில்தான் வந்தது. காற்றில் குளிரும் இன்ஜின், பின் சிலிண்டர் முன் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதன் சூடு முழுவதும் ஓட்டுகிறவர் தொடையில். நம் வெயிலில், கோலாலம்பூர் நெரிசலில் இது என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். பெரிய டூரிங் மாடல்களில் வண்டி நின்றிருக்கும்போது பின் சிலிண்டரையே தற்காலிகமாக அணைத்துவிடும் ஒரு ஏற்பாட்டையும் ஹார்லி வைத்திருக்கிறது. அணைக்க வேண்டிய அளவுக்குச் சூடு என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. 1999 மாடலில் வந்த ட்வின் கேம் இன்ஜினில் கேம் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் தேய்ந்து, தூள் எண்ணெயில் கலக்கும் என்பது அந்த வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. 2007-க்குள் வேறு வகைக்கு மாற்றினார்கள். வெளியே தெரியாத பாகம் என்பதால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் வெளியே தெரியும்படி ஒரு நல்ல இன்ஜின் செய்தபோது என்ன நடந்தது? 2001-ல் போர்ஷேயோடு சேர்ந்து உருவாக்கிய வி-ராட் வந்தது. தண்ணீரில் குளிரும் இன்ஜின், 60 டிகிரி கோணம், 1,130 சிசியில் 115 குதிரைசக்தி. அதுவரை வந்த எந்த ஹார்லியையும்விட வேகமாக இழுக்கும், அதிர்வு குறைவாகச் சுழலும். அந்தக் கம்பெனி செய்த நல்ல இன்ஜின்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். பழைய ஹார்லிக்காரர்கள் அதைத் தங்களில் ஒன்றாக ஏற்றுக்கொள்ளவே இல்லை. 2017-ல் நிறுத்திவிட்டார்கள். லெஸ் பாலுக்கு 2015 எப்படியோ, ஹார்லிக்கு வி-ராட் அப்படி.

இந்த இரண்டு தொழிலுக்கும் எழுபதுகளில் ஒரே மாதிரி காலம் நடந்திருக்கிறது, அதைக் கவனித்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் முழுசாகப் பிடிபட்டது. இன்னொரு பெரிய கிட்டார் கம்பெனியான ஃபெண்டரை 1965-ல் சிபிஎஸ் என்ற ஒளிபரப்புக் கம்பெனி 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. ஹார்லியை 1969-ல் ஏஎம்எஃப் என்ற கம்பெனி வாங்கியது, கிப்சன் கை மாறியதும் அதே 1969-ல். மூன்று இடத்திலும் பேர் கேட்டு வாங்க ஆள் இருந்தது, உற்பத்தி எண்ணிக்கை ஏறியது, தரம் இறங்கியது. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கழுத்தை உடம்போடு பிடித்த நான்கு திருகாணிகள் மூன்றாகின. பொருத்தம் தளர்ந்த கிட்டாரில் கழுத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் நகரும், கம்பி ஃபிரெட்டை விட்டு வெளியே போகும். ஹார்லி எண்ணெய் ஒழுகியது. 1969-ல் ஹோண்டா சிபி750 வந்துவிட்டது, நான்கு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட், கீழே ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. இந்தப் பக்கம் டோக்காய், கிரெக்கோ போன்ற ஜப்பான் கம்பெனிகள் பழைய ஃபெண்டரையும் கிப்சனையும் அச்சு அசலாக, அன்றைய அசலைவிடக் கவனமாக, நகல் செய்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் மூன்று கம்பெனிகளும் வேறு கைக்கு வந்துதான் பிழைத்தன. ஹார்லியை 1981-ல் அதன் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து திரும்ப வாங்கினார்கள். 1983-ல் அமெரிக்க அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார்களுக்கு வரியை ஏற்றிக் கை கொடுத்தது. ஆனால் அவர்களைக் காப்பாற்றியது வரி மட்டுமல்ல, ஜப்பானியரின் தயாரிப்பு முறைகளைப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டதும், 1984 மாடலில் வந்த ஒழுகாத எவலூஷன் இன்ஜினும்தான். ஃபெண்டர் 1982-ல் ஜப்பானிலேயே ஃபுஜிகென் தொழிற்சாலையில் தன் பேரில் கிட்டார் செய்ய ஆரம்பித்தது. நகல் செய்தவனிடம் போய் அசல் செய்து கொடு என்று கேட்டது மாதிரிதான், எனக்கு அது கௌரவமான முடிவாகவே படுகிறது. ஆனால் பாருங்கள், எழுபதுகளின் அந்த மூன்று திருகாணி ஸ்ட்ராட், ஐந்து கிலோவை எட்டும் அந்தக் காலத்து லெஸ் பால், எண்ணெய் ஒழுகிய ஏஎம்எஃப் ஹார்லி எல்லாம் இப்போது 'பழமை' என்ற பேரில் நல்ல விலைக்குப் போகின்றன. செய்த காலத்தில் வாசித்தவர்களும் ஓட்டியவர்களும் திட்டிய பொருள்கள். வயசும் பேரும் சேர்ந்தால் குறை அழிந்துவிடுகிறது.

காதை நம்பலாம் என்பவர்களுக்கு ஒன்று. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் கிளாடியா ஃபிரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். 21 வயலின் கலைஞர்களுக்குக் கண் தெரியாதபடி கண்ணாடி மாட்டி, மங்கிய அறையில், மூன்று புது வயலினும் மூன்று பழைய வயலினும் கொடுத்தார்கள். பழையதில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி, உலகிலேயே பேர் பெற்ற பழைய இத்தாலிய வயலின்கள். எது பழையது எது புதியது என்று பெரும்பாலானவர்களால் சொல்ல முடியவில்லை, நிறைய பேர் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பியது புதியதை. யாருக்கும் அதிகம் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. நாங்களும் சமூக மண்டபத்தில் ஒத்திகை முடிந்ததும் பையன்களைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, ஒரே ஆம்ப்பில் ஒரே பாட்டின் முதல் வரியை வேறு வேறு கிட்டாரில் வாசித்துக் காட்டுவதுண்டு. இரண்டு காயில் பிக்கப்பா ஒரு காயில் பிக்கப்பா என்பதைச் சரியாகச் சொல்கிறார்கள், அது உண்மையான வித்தியாசம். தலையில் என்ன பேர் எழுதியிருக்கிறது என்பதை யாரும் சொன்னதில்லை.

பேர் பெற்றது எல்லாம் வெற்று என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரும் தரமும் ஒன்றாக நிற்கிற பொருள்களும் உண்டு, அவற்றைப் பார்த்தால் ஒரு பொதுக்குணம் தெரிகிறது: எளிமை, பழுது பார்க்கும் வசதி. ஃபெண்டர் டெலிகாஸ்டரைச் செய்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அதனால் ரேடியோ போலவே யோசித்திருக்கிறார். கழுத்து நான்கு திருகாணியில் கழன்று வரும், ஒயரிங் முழுவதும் ஒரு சின்ன உலோகத் தகட்டில் மாட்டியிருக்கும், இரண்டு திருகாணியைக் கழற்றினால் கையோடு வெளியே வரும். தலை சாயாமல் ஒரே மட்டத்தில் இருக்கும், ஆறு கம்பியும் கிட்டத்தட்ட நேராகவே போகும். 1950-களின் தொடக்கத்தில் வந்த வடிவம், பெரிதாக எதையும் மாற்றவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை.

மோட்டாரில் எங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது ஹோண்டா இஎக்ஸ்5. 1958-ல் ஹோண்டா செய்த சூப்பர் கப் இருக்கிறதே, 2017-ல் மொத்த உற்பத்தி பத்து கோடியைத் தாண்டியது, அதன் வழியில் வந்த கப்சாய், அதாவது சின்ன மோட்டார். கையால் கிளட்ச் பிடிக்காமல் காலாலேயே மாற்றும் கியர், படுக்கை வாட்டில் கிடக்கும் ஒற்றை சிலிண்டர், மூடிய சங்கிலி. தோட்டத்துச் செம்மண் பாதையில் முன்னால் கேஸ் தோம்பு, பின்னால் பிள்ளை, பக்கத்தில் புல் கட்டு என்று போகும். மழை நாளில் செம்பனை லாரி உழுதுபோட்ட சேற்றிலும் போகும். எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் கேபிள், பிரேக் கட்டை, கார்ப்பரேட்டர் ஊசி வரை கிடைக்கும். அதன் படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போடுகிறவர்கள் குறைவு. இந்தத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறையை வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனது அந்த வண்டிதான், ஒரு வண்டிக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்எக்ஸ்இசட்டுக்கு வருகிறேன். எனக்கு அந்த வண்டி பிடிக்கும், மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி நடுச்சுற்றைத் தாண்டி இழுக்கும் அந்த இழுப்பும், எக்ஸாஸ்டில் வரும் அந்தக் கூரான சத்தமும் இன்று கடையில் இருக்கும் எந்தச் சின்ன வண்டியிலும் கிடைக்காது. ஆனால் காற்றில் குளிரும் இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் தேய்ந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே புகும், பெட்ரோல் கலவை வறண்டு சூடேறி பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். வெளியே எண்ணெய்க் கசிவு எதுவும் தெரியாமலே போகலாம், பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக இருப்பது ஒரு அறிகுறி. உற்பத்தி நின்று இத்தனை வருடத்துக்குப் பிறகு அசல் பாகம் கிடைப்பது குறைவு, நகல் பாகத்தில் நல்லதும் உண்டு, ஒரு மாதத்தில் போகிறதும் உண்டு. எங்கள் மோட்டார் கடை மாமாவிடம் ஒருநாள் இதையெல்லாம் சொல்லி, "இஎக்ஸ்5 தானே மாமா நல்ல வண்டி, சொல்லுங்க?" என்று கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வேலைக்குப் போறதுக்கு இஎக்ஸ்5. ஆர்எக்ஸ்இசட் நம்ம இளவட்டத்த நெனச்சுப் பாக்குறதுக்கு. காசு இருக்கிறவன் வாங்கட்டும். ஆனா சம்பளத்துக்கு நிக்கிற பையன் கடன் வாங்கி வாங்குறான் பாரு, அதுதான் எனக்கு மனசு கேக்கல."

எனக்கும் அங்கேதான் மனசு கேட்கவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 20,400. அதாவது ஒரு நல்ல ஆர்எக்ஸ்இசட்டின் விலை, தோட்டத்திலோ பக்கத்துத் தொழிற்பேட்டையிலோ வேலை பார்க்கும் ஒரு பையனின் முழு வருடச் சம்பளம், சாப்பிடாமல், வீட்டுக்கு ஒரு காசு கொடுக்காமல். இளமையில் அதை ஓட்டிய ஐம்பது வயதுக்காரர் வாங்கினால், அவர் தன் நினைவுக்குக் காசு கொடுக்கிறார், அது அவர் உரிமை, அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நினைவு இல்லாத இருபது வயசுப் பையன் வாங்கும்போது அவன் அடுத்தவர் நினைவுக்குக் காசு கொடுக்கிறான். கிப்சனிலும் இதேதான். அறுபதுகளின் பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவர்களின் ஏக்கத்துக்கு வைத்த விலையை எங்கள் கோஷ்டித் தம்பி ஏன் கட்ட வேண்டும்?

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொன்ன பிறகும் அவனுக்கு லெஸ் பால்தான் வேண்டுமாம். சரி, ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. இரண்டு காயில் பிக்கப் வைத்த கனமான மகோகனிக் கிட்டாருக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, அவன் வாசிக்கிற பாணிக்கு அது பொருந்தும். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் கிப்சன் பேர் கட்டாயம் இல்லை. இதே அமைப்பில் கொரியாவிலும் இந்தோனேசியாவிலும் செய்த கிட்டார்கள் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, பல சமயம் ஃபிரெட் வேலை இன்னும் சுத்தமாகவே வருகின்றன. ஈப்போவில் அவன் பார்த்து வைத்திருக்கும் பழைய கிப்சனையும், அதே கடையில் தொங்கும் ஒரு இந்தோனேசியக் கிட்டாரையும் ஒரே ஆம்ப்பில் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜி கம்பியை முழுசாக இழுத்து வாசித்துவிட்டு உடனே சுருதி பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் வரும் சுரமும் திறந்த கம்பியும் ஒத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும். கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் வார்னிஷ் இளகியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும், பழைய நைட்ரோ வார்னிஷுக்கு அந்த வியாதி உண்டு. முக்கியமாக, கழுத்தின் பின்பக்கத்தைக் கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்கக் கூடாது. சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.